31-ஆம் நம்பர் சைட்

எங்கள் லேஅவுட்டில் 31-ஆம் நம்பர் வீட்டு போர்ட்டிகோவில் நடந்தால் ஓர் இடத்தில் சத்தம் மாறும். கேட்டிலிருந்து நாலு எட்டு வரைக்கும் டைல்ஸ் கெட்டியாக 'டக் டக்' என்கும். அஞ்சாவது எட்டில் 'தொப்'. காலியான எண்ணெய் டின் மேல் கால் வைத்த மாதிரி.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோவில்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். 2022-இல் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். 2024 ஐப்பசி மழை முடிந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"எக்கா, டைல்ஸ் ஒட்டுனவரு கலவை கம்மியா வச்சிட்டாருன்னு எங்க வீட்ல சொல்றாங்க. நீங்க ஒருவாட்டி பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். குதிகாலால் ரெண்டு தட்டு தட்டினேன். எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆமாங்க, சிமெண்ட்டுப் பால் சரியா ஊத்தலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

அந்த 'தொப்'புக்குக் கீழே இருப்பது எங்கள் கிணறு.

அன்னூரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் போகிற ரோடும், அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோடும் ஒன்றையொன்று வெட்டுகிற இடம்தான் ஊர். காந்திபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். சத்தி, பண்ணாரி, திம்பம் வழியாக மைசூர் போகிற லாரியெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். மைல்கல்லில் முன்பு 209 என்று இருந்தது, இப்போது 948 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நம்பரையும் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சத்தி ரோடு, அவ்வளவுதான். ஊருக்கு நடுவில் மன்னீஸ்வரர் கோவில். அன்னி என்று ஒரு வேடன், வள்ளிக்கிழங்குக்காக மண்ணை வெட்டினானாம், வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் வந்ததாம், பார்த்தால் லிங்கமாம். அன்னி ஊர்தான் அன்னூர் ஆச்சு என்று அப்பத்தா சொல்லும். எங்கள் லேஅவுட் ஊரிலிருந்து கிழக்கே ரெண்டு மைல் தள்ளி இருக்கிறது.

நான் படிக்கிற காலத்தில் 'கோயமுத்தூருக்குப் போறது' என்றால் வருஷத்துக்கு ரெண்டு தடவை. தீபாவளிக்கு ஒப்பணக்கார வீதியில் துணி எடுக்க ஒன்று. யாருக்காவது சீக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவது இன்னொன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கே கோயமுத்தூர் ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். அப்போது கணபதியில் ஆரம்பித்தது. கணபதிக்கு முன்னால் இருந்ததெல்லாம் சோளக்காடு, ரெண்டு மில், நடுவில் நடுவில் பனை. 2011-இல் மாநகராட்சியை 72 வார்டிலிருந்து 100 வார்டாக்கினார்கள். 105 சதுர கிலோமீட்டராக இருந்த கோயமுத்தூர் ஒரே அடியாக 257 சதுர கிலோமீட்டர் ஆனது. சரவணம்பட்டி அதோடு உள்ளே போனது. கணக்குப்படி மாநகராட்சி அங்கேதான் முடிகிறது. ஆனால் தினம் போய் வருகிற நாங்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறோம். ராத்திரி கடைசி பஸ்ஸில் வரும்போது எங்கே ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருட்டாகிறதோ அங்கேதான் கோயமுத்தூர் முடிகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் குரும்பபாளையம் தாண்டினால் இருட்டு. அப்புறம் கோவில்பாளையம் ஆனது. இப்போது கணேசபுரம் பக்கம் வந்துதான் ஜன்னலில் என் முகமே தெரிகிறது.

நான் கணபதியில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைசல் பிடித்துக் கொடுக்கிற பட்டறை, பதினாலு ஆள். காலையில் 7:40-க்குத் தனியார் பஸ், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். வரும்போது எது கிடைக்கிறதோ அது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், முகத்தில் பிங்க் பெயிண்ட் அடித்த பஸ் வந்தால் கூட்டம் ஒரே பக்கமாகச் சாயும். அதில் ஏறினால் முப்பது ரூபாய்க்கு மேல் மிச்சம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். சரவணம்பட்டியில் என் கம்பெனியை விடச் சின்னக் கம்பெனி கிடையாது என்று நினைக்கிறேன், அத்தனை கண்ணாடிக் கட்டடம். ஆறு மணிக்குக் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் மொத்தமும் ரோட்டுக்கு வரும். அவர்களில் பாதிப் பேருக்குச் சரவணம்பட்டியில் வீட்டு வாடகை கட்டுபடியாகாது. ஒவ்வொரு நிறுத்தமாக வடக்கே வடக்கே தள்ளிப் போய், கடைசியில் எங்கள் ஊரில் சைட் வாங்குகிறார்கள். 31-ஆம் நம்பர் வீட்டுப் பெண்ணும் அப்படி வந்தவள்தான்.

ஊர் வளர்ந்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். குழிமந்தி கிடைக்கிறது. ஜிம் இருக்கிறது. ஒடிசா, பீகார்ப் பையன்கள் மில்லுக்கு வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பொழுதோட சந்தைப் பக்கம் நடந்தால் தமிழை விட இந்திதான் காதில் எச்சாக விழுகிறது. ராத்திரியில் நெஞ்சு வலித்தால் இன்னும் கோயமுத்தூருக்குத்தான் ஓட வேண்டும்.

ஆனால் எங்கள் ஊர் எப்போது மாறியது என்று கேட்டால் நான் பேக்கரியைத்தான் காட்டுவேன். எங்கள் பக்கம் பேக்கரி என்றால் கேக் விற்கிற கடை இல்லை. டீக்கடை, பஞ்சாயத்து மேடை, வேலை கேட்கிற இடம், எல்லாம் அதுதான். அங்கே மூலை மேசையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். முன்னால் ரெண்டு டீ, ஒரு முட்டை பப்ஸ், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு ஜெராக்ஸ் நகல். என் கல்யாணத்தின்போது நிலத்தை ஏக்கர் விலையில் பேசினார்கள். என் பொண்ணு பள்ளிக்கூடம் சேரும்போது சென்ட் விலை ஆனது. இப்போது சதுரடி விலை கேட்கிறார்கள். வெள்ளாமை பண்ணுகிறவனுக்கு ஏக்கர் தெரியும். சென்ட் அவனுக்கு வரப்பு. சதுரடியில் என்ன விதைப்பது? விலை பேசுகிற அளவு சின்னதாகச் சின்னதாக, நிலம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் தோட்டம் நாலு ஏக்கர். அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, காலத்தில் வெட்டிய கிணறு. முப்பதடிச் சதுரம், ஆழம் எண்பது. இருபதடிக்குக் கீழே பாறை. வெடி வைத்து வெடி வைத்து இறக்கினார்களாம். முதலில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினார்கள், அப்புறம் மோட்டார். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல் படியில் இறங்கினால் பாதியில் ஒரு பொந்தில் புறா இருக்கும். கிணற்று மேட்டுத் தென்னையிலிருந்து தூக்கணாங்குருவிக் கூடு தண்ணீர் மேலே தொங்கும். நான் நீச்சல் பழகியது அங்கேதான். காய்ந்த சொரைப்புருடையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி அப்பா மேலே பிடித்துக்கொள்வார். "கையை அடி கண்ணு, காலை அடி கண்ணு" என்று கத்துவார். பொட்டப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல் என்று அப்பத்தா கேட்டதற்கு, "கெணத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா?" என்றாராம்.

கிணறு வற்றியது ஒரே நாளில் இல்லை. 1990-இல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் ஆனது. நல்லதுதான், அதற்காக எத்தனையோ பேர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காசில்லாத கரண்ட்டுக்கு மோட்டாரை அணைக்கிற அவசரம் இல்லை. ஒருவர் கிணற்றுக்குள் சைடு போர் போட்டால் பக்கத்துக்காரரும் போட்டார். அப்புறம் மேலேயிருந்து போர். ஐநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரத்து நூறு அடி. 2003 வாக்கில் எங்கள் கிணற்றின் அடிப்பாறையை நான் முதல்முதலாகப் பார்த்தேன். அதில் சின்ன வயதில் நான் தொலைத்த பித்தளைச் சொம்பு இருந்தது. சந்தோஷமாக எடுத்து வந்தோம், அது எப்பேர்ப்பட்ட கெட்ட செய்தி என்று தெரியாமல். 2016-இல் வடகிழக்குப் பருவமழை சுத்தமாகப் பொய்த்தது. மறு சித்திரையில் தென்னை ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். எழுபது மரத்தில் பதினொன்று நின்றது.

அதே 2016-இல்தான், அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் காட்டில் நாலு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தால் சைட். அந்த ஆட்டம் நின்றதும் அப்ரூவல் வாங்கிய சைட்டுக்கு மதிப்பு ஏறியது. முப்பதடி ரோட்டு முகப்பு இருக்கிற தோட்டமாகப் பார்த்து புரோமோட்டர்கள் தேடி வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு ரோடு இருந்தது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி, மாட்டு வண்டி போகிற அகலம். பஞ்சாயத்தில் அதைத் தார் ரோடாக்கியபோது நாங்கள்தான் மாலை போட்டு வரவேற்றோம்.

2018-இல் கிரயம். அப்பாரு வழிச் சொத்து என்பதால் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தியபோது நான் அஞ்சாப்பு. எங்கள் பக்கம் பொண்ணுங்க அந்தப் பங்கைக் கேட்பதில்லை. பொறந்த வீட்டுக்கு வரப்போக இருக்க வேண்டுமே என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சீரும் மரியாதையும் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அப்பா அப்படிக் கேட்கவில்லை. "உனக்கு ஒரு சைட்டு, வீடு கட்டப் பணம். சரியாம்மிணி?" என்றார். பத்திர ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். காமிரா முன்னால் அப்பா முகத்தைக் காட்டச் சொன்னார்கள். கட்டை விரலை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தார், எடுக்கவில்லை. மறுபடி துடைத்து வைக்கச் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த ரேகை அது. மூணாவது தடவைதான் எடுத்தது. தம்பி வெளியே போய் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் என் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டியிருந்தது. பத்தாவது பக்கத்தில் கையெழுத்து அழகாகக்கூட வந்துவிட்டது.

நாலு ஏக்கரில் ரோடு போக ஐம்பத்தேழு சைட். எனக்கு 23-ஆம் நம்பர். ரோடு போக மிச்ச இடத்தில் பத்தில் ஒரு பங்கை பார்க்குக்காக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கிணறு இருக்கிற இடத்தையே பார்க்காக விட்டுவிடலாமே என்று அப்பா கேட்டார். கம்பி வேலி போட்டு, மழைத் தண்ணியை அதில் விட்டால் ஊருக்கே ஊறும் என்று மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். புரோமோட்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்ல யோசனைங்க. ஆனா கெணறு கன்னிமூலையில இருக்குதுங்க. வாஸ்து பாக்கற பார்ட்டி ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க. கொழந்தைக வேற வெளையாடும்."

பார்க் எங்கே வந்தது என்றால், ஹைடென்ஷன் கம்பி போகிற முக்கோண மூலையில். அங்கே எப்படியும் வீடு கட்ட முடியாது. போர்டு, ஒரு சறுக்கு மரம், முட்டளவு பார்த்தீனியம். தோட்டமாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்குப் பேர் கிடையாது, மேக்காலத் தோட்டம் என்போம். அழித்த பிறகு வாசலில் வளைவு கட்டி 'கார்டன்' என்று எழுதினார்கள்.

கிணற்றை மூட ரெண்டு வாரம் டிப்பர் ஓடியது. கோயமுத்தூரில் இடித்த பழைய வீட்டுச் செங்கல், உடைந்த ஹாலோ பிளாக், டாய்லெட் பீங்கான், பிடுங்கிய தென்னையின் அடிமட்டை, கடைசியில் மேலே செம்மண். நகரத்தின் உடைசல் எங்கள் கிணற்றுக்குள் போனது. இதைச் சொன்னால் நகரத்தின் மேல் பழி போடுகிற மாதிரி ஆகிவிடும். வாங்கினவர் எங்களை மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை, பேசின பணத்தைப் பேசின தேதிக்குக் கொடுத்தார். 2022-இல் எங்கள் பக்கம் தொழிற்பூங்காவுக்கு 3,862 ஏக்கர் எடுக்கப் போவதாக வந்தபோது அக்கரை செங்கப்பள்ளி, குப்பனூர், வடக்கலூர் என்று ஊர் ஊராக எழுந்து நின்றார்கள். எங்கள் சித்தப்பா நடைபயணம் போய் காலில் கொப்புளத்தோடு வந்தார். விவசாயிகள் விருப்பம் இல்லாமல் அவர்கள் நிலத்தைத் தொட மாட்டோம், கம்பெனிகள் வைத்திருக்கிற நிலத்தை மட்டும் எடுக்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் நின்று "ஒரு பிடி மண்ணும் தர மாட்டோம்" என்று கத்தியவர்களில் மூணு பேரை அடுத்த மாதம் அதே பேக்கரி மூலை மேசையில் பார்த்தேன். அரசாங்கம் 3,862 ஏக்கர் என்று கேட்டால் கொதிக்கிறோம். தினம் அரை ஏக்கராக நாங்களே விற்றால் அதற்கு யார் மறியல் செய்வது? 'ஊருக்கு வளர்ச்சி வந்துருச்சு' என்பார்கள், ஏதோ பஸ் ஏறி வந்த மாதிரி. வரவில்லை. நாங்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தோம். என் கையெழுத்து அழகாக இருந்தது என்றேனே, அதைத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி வீட்டில்தான் இருக்கிறார், ஊருக்குள். விடிந்ததும் ரெண்டு மைல் நடந்து லேஅவுட்டுக்கு வந்துவிடுவார். என்னைப் பார்க்க வருகிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சீக்கிரம் எழுந்து கோலம் போடும்போதுதான் பார்த்தேன். 31-ஆம் நம்பர் கேட்டுக்கு எதிரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பத்து நிமிஷம். அப்புறம்தான் என் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பெண் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"எக்கா, ஒங்க அப்பாவுக்கு எங்க செம்பருத்தின்னா உசுரு போல. தினம் வந்து பாத்துட்டுப் போறாரு. நான் காப்பி கொடுத்தா, 'வேண்டாமுங்க சாமி'ங்காரு. என்னையப் போய் சாமிங்காரே! ஒங்க ஊர்ல நாய்க்குட்டிக்குக்கூட மரியாதை கொடுப்பீங்க போல!"

நல்ல பெண். எங்கள் தெருவில் வெளியூரிலிருந்து வந்தவர்களில் அவள் ஒருத்திதான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து பழமை பேசுவாள். மாதத் தவணை இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

இதற்கிடையில் தண்ணீர் வந்தது. அத்திக்கடவு என்று சொன்னால் எங்கள் ஊரில் கிழவிக்கும் தெரியும். அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாகவே கிழடு தட்டிப் போன திட்டம். பவானி ஆறு மேலே அத்திக்கடவில் ஓடும்போதே திருப்பி விடச் சொல்லித்தான் கேட்டார்கள். கடைசியில் கீழே காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டிய உபரித் தண்ணீரை, ஆறு இடத்தில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றிக் குழாயில் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் பேர் அத்திக்கடவு–அவிநாசிதான். 2019-இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் திறப்பு. ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 1,045 குளம் குட்டைக்கு ஒன்றரை டி.எம்.சி. எங்கள் குட்டையில் சின்னக் குழாய்தான். அதிலிருந்து தண்ணீர் விழுந்த அன்று ஊரே போய் நின்றது. ஒரு பாட்டி பூவைக் கிள்ளிப் போட்டுக் கும்பிட்டது. அப்பா கும்பிடவில்லை. குட்டைக்கரையில் உட்கார்ந்து, "இனி கெணறெல்லாம் ஊறும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஊறத்தான் செய்தது. குட்டைக்குக் கிழக்கே விற்காமல் வைத்திருந்தவர்கள் கிணற்றில் இருபது வருஷத்துக்கு அப்புறம் தண்ணீர் கண்டது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. மூடின கிணற்றுக்கும் ஊற்றுக்கண் அதே இடத்தில்தானே இருக்கும். இறுக்கி மிதிக்காமல் கொட்டிய உடைசலில் ஈரம் ஏறினால் உடைசல் அமுங்கும். தென்னை மட்டை வேறு இத்தனை வருஷத்தில் மக்கியிருக்கும். அமுங்கின அளவுக்கு மேலே காலி. அதுதான் அந்தத் 'தொப்'. நல்லவேளை, வீட்டுத் தூண் எல்லாம் கிணற்றுக்கு மேற்கே கெட்டி மண்ணில் நின்றன. கிணற்றின் மேல் இருந்தது போர்ட்டிகோவும், தண்ணீர்த் தொட்டியும், பாதித் தெருவும்.

தை மாதம் அந்தத் தொட்டி விரிசல் விட்டது. லாரித் தண்ணீர் பன்னிரண்டாயிரம் லிட்டர் இறக்கினார்கள், மறுநாள் காலையில் பாதி இல்லை. கொத்தனார் வந்தார். போர்ட்டிகோவில் நாலு டைல்ஸ் பெயர்த்து, காங்கிரீட்டை உடைத்து, கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. கடப்பாரையை விட்டார், அதுவும் போனது.

"ஏனுங்க, இங்க என்ன இருந்துச்சுங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் பட்டறைக்குப் போகிற அவசரத்தில் டிபன் பையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். 7:40 போய்விட்டது. அவள் கணவர் லேப்டாப்பைக் கையில் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெணறுங்க" என்றேன். "எங்க கெணறு. எம்பது அடி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள், புரோமோட்டர் நம்பர் கேட்பாள், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று எல்லாப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். புரோமோட்டர் நம்பர் எப்போதோ மாறிவிட்டது, அதுவும் தெரியும். அவள் கேட்டது வேறு.

"அப்போ ஒங்க அப்பா செம்பருத்தியப் பாக்க வரலையாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

அன்று பட்டறைக்குப் போகவில்லை. மறுநாள் விடியற்காலை அப்பா வழக்கம்போல வந்து கேட்டுக்கு எதிரில் நின்றார். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்க அப்பா" என்றாள். ஆறு வருஷமாக அந்த வேலிக்கு வெளியே நின்றவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

குழிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே போட்டுக் காதைச் சாய்த்தார். கிணற்றைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் செய்கிற காரியம் அது, தண்ணீர் எவ்வளவு கீழே என்று பார்க்க. மண்ணில் விழுந்த சத்தம்தான் வந்தது. ஆறடி, ஏழடி இருக்கலாம். இன்னொரு துண்டை எடுத்துப் போட்டார்.

அப்புறம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொத்தனாரிடம் திரும்பினார்.

"மேல மண்ணைக் கொட்டி மூடுனா மறுபடி எறங்குமுங்க. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்குப் பாறைக்கட்டு இருக்குது, நாஞ் சொல்றேன் எங்கெங்கேன்னு. அது மேல உக்கார்ற மாதிரி பீம் போடோணும். கம்பி எத்தன ஆகும்னு கணக்குப் பண்ணுங்க. பாதி எங்களுது."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்றாள் அவள்.

"வேணுமுங்க சாமி" என்றார் அப்பா. பிறகு கால் எட்டு வைத்து அளக்க ஆரம்பித்தார். தெருவில் பாதி வரை வந்து, என் கோலத்துக்கு நாலடி தள்ளி நின்று, குதிகாலால் தாரில் ஒரு கோடு கிழித்தார். "தெக்குச் சொவரு இங்க."